கொழுந்துத் தராசில் தொங்கிய மோட்டார் சைக்கிள்

21 கிலோ! எங்கள் ஹொண்டா சீஜீ 125இல் நானும் தம்பியும் குறைத்த நிறை அது. கொழுந்து நிறுக்கும் தராசிலேயே தொங்கவிட்டு நிறுத்தோம். இதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அப்படி மூன்று ஞாயிறுகள் எனக்கு வாழ்க்கையில் வாய்த்ததில்லை என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன்.

இந்த ஆசை சின்ன வயதில் ஒட்டிக்கொண்டது. ஏப்ரல் பிறந்தால் நுவரெலியாவில் வசந்தகாலம். பாதிக் கொழும்பு மேலே ஏறி வந்துவிடும். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகரி வாவியில் படகு என்று சனம் அலைமோதும்போது, மாமா என்னை மகாகஸ்தோட்டைக்குக் கூட்டிப்போனார். 1934இல் தொடங்கிய மலையேற்றப் பந்தயம் அங்கேதான் நடக்கிறது. ஒவ்வொரு வண்டியாகத் தனித்தனியே விடுவார்கள். முந்துவதற்குப் பக்கத்தில் ஆளே கிடையாது, நேரத்தோடு மட்டும்தான் போட்டி. நின்ற இடத்திலிருந்து ஒரே பாய்ச்சல். வளைவு, ஏற்றம், மறுபடி வளைவு. முடிந்தது. ஒரு நிமிடம் முந்தி பனிக்குள் நின்ற வண்டி இப்போது மலைக்கு மேலே எங்கோ முனகிக்கொண்டிருக்கும். பெற்றோல் வாசனை மட்டும் நம்மிடம் மிச்சம். நானுஓயாப் பக்கம் ரதல்லவிலும் இதே போல மலையேற்றம் உண்டு. இரண்டிலும் எனக்கு மகாகஸ்தோட்டைதான் மனதுக்கு நெருக்கம்.

அன்றைக்கு நான் பார்த்துக்கொண்டே இருந்தது சின்ன வண்டிகளைத்தான். பெரிய எஞ்சின் பாய்ந்தால் அதில் என்ன அதிசயம்? 125 சீசீ ஒன்று, நம் தோட்டத்து உத்தியோகத்தர் ஓட்டுகிற அதே இனத்து வண்டி, தோலும் எலும்புமாக வந்து நின்று, விசில் கேட்ட மாதிரி சீறிப் போனதே, அதுதான் நெஞ்சில் நின்றது. விளக்கு இல்லை, ஸ்டாண்ட் இல்லை, சீட் என்று சொல்ல ஒரு துண்டு ரெக்சீன். “எஞ்சினைக் கூட்டியிருக்கானா, உடம்பைக் குறைச்சிருக்கானான்னு பாரு” என்றார் மாமா. அதைத்தான் இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மலைநாட்டில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேலே 1,868 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட 17 வீதம் அளவுக்குக் குறைவு. எஞ்சினுக்கு மூச்சு காற்றுதானே? மூச்சு குறைந்தால் பலமும் அந்த அளவுக்குக் குறையும். கொழும்பில் 11 குதிரை வலு தருகிற சீஜீ 125, நுவரெலியாவில் ஒன்பதுக்குக் கொஞ்சம் மேலேதான் தரும். காபரேட்டரில் சின்ன ஜெட் போட்டால் பெற்றோலும் காற்றும் சரியாகக் கலக்கும், வண்டி இருமாது. ஆனால் இல்லாத காற்றை எந்த ஜெட்டும் கொண்டுவராது. போனது போனதுதான். அதைத் திரும்ப வாங்க எங்களைப் போன்றவர்கள் கையில் இருக்கிற ஒரே வழி, எடையைக் குறைப்பது. பிஸ்டன், கேம் என்று போனால் காசு தண்ணீராய் ஓடும். பத்தாம் நம்பர் ஸ்பேனருக்கு என்ன செலவு?

தராசு கிடைத்ததுதான் பெரிய பாக்கியம். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து நிறுக்கும் மடுவம் சும்மா கிடக்கும். அனுமதி கேட்டோம், தந்தார்கள். முதலில் முழு வண்டியை நிறுத்தோம். முன் அச்சில் கயிறு கட்டி, சக்கரம் நிலத்தை விட்டு ஒரு விரல் உயரும் வரை தூக்கினால் முன்பாரம் தெரியும், 46 கிலோ. அதே மாதிரி பின்பாரம், 60. கூட்டினால் 106. முன்னாலும் பின்னாலும் தனித்தனியே தெரிந்தது எவ்வளவு பெரிய உதவி என்பது பின்னால்தான் விளங்கியது.

பிறகு கழற்றத் தொடங்கினோம். அடடா, அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வேன்! விழுந்தால் கால் நசுங்காமல் இருக்க முன்னால் போட்டிருந்த இரும்புக் கம்பி 2.4 கிலோ. மரக்கறி மூட்டை கட்டுகிற கெரியர் 2.2. நடு ஸ்டாண்ட் 1.9. செயினை முழுதாக மூடி வைத்திருக்கும் தகரக் கவர் 1.2, சேறும் மழையுமான தோட்டப் பாதைக்கு அதைப் போல நல்ல சாமான் கிடையாது, ஒரு நிமிட ஓட்டத்துக்கு அது வேண்டவே வேண்டாம். முன் விளக்கு, சிக்னல், மீட்டர், வயர் எல்லாம் சேர்ந்து 3.2. பழைய சைலன்சர் 4.2 கிலோ, அதன் இடத்தில் லேத் பட்டறையில் செய்வித்தது 1.7 மட்டும். சீட்டுக்கு உள்ளே ஒரு இரும்புத் தட்டு இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அதை எடுத்துவிட்டு மெல்லிய அலுமினியத் தகட்டில் ஒரு அங்குல ஸ்பொன்ஜ் ஒட்டினோம். இரும்பு மட்கார்ட் போய் பிளாஸ்டிக் வந்தது. பின்னால் இருப்பவர் கால் வைக்கும் கம்பியும் போனது. தீப்பொறிக்கு மேக்னட்டோ போதும் என்பதால் பற்றரியும் இறங்கியது.

ஒவ்வொன்றையும் கொழுந்துச் சாக்கில் போட்டுத் தொங்கவிட்டோம். அம்மா வந்து பக்கத்தில் நின்றார். முப்பத்திரண்டு வருடம் கொழுந்தெடுத்தவர். “சாக்குக் கழிவு போட்டியாடா?” என்பதுதான் முதல் கேள்வி. போடவில்லை. எல்லாவற்றையும் மறுபடி நிறுத்து, சாக்கின் எடையைக் கழித்து எழுதினோம். கடைசிக் கணக்கைச் சொன்னதும் அம்மா அந்தக் குவியலைப் பார்த்தபடியே நின்றார். முழுப் பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, பல தோட்டங்களில் 18 கிலோ கொழுந்து எடுக்க வேண்டும். இதுவோ அதைவிட அதிகம்.

“இம்புட்டையும் சும்மாவாடா தூக்கிட்டு மலை ஏறுச்சு இந்த வண்டி?”

எந்தப் பொறியியல் புத்தகமும் எனக்கு இதை இப்படி உறைக்கும்படி சொன்னதில்லை. முதுகில் சுமையோடு ஏற்றத்தில் நடந்தவருக்கு அரைக் கிலோ என்றால் என்ன என்று தெரியும்.

எடை குறைப்பில் ருசியான இடம் சக்கரம். சட்டத்தில் ஒரு கிலோ குறைப்பதும் ரிம்மில் ஒரு கிலோ குறைப்பதும் ஒன்றில்லை. ரிம் முன்னாலும் போக வேண்டும், சுற்றவும் வேண்டும். அதனால் விளிம்பில் இருக்கிற எடையை வேகமெடுக்க வைக்க ஏறக்குறைய இரண்டு மடங்கு உழைப்பு. இரும்பு ரிம் போய் அலுமினிய ரிம் வந்தபோது தராசில் குறைந்தது சக்கரத்துக்கு 700 கிராம்தான். திரொட்டிலைத் தொட்டதும் தம்பி கத்தியே விட்டான்: “அண்ணே, யாரோ பின்னாலருந்து தள்ளுறாங்க!”

எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. ஆசை மிஞ்சி, எடை குறைக்க ஓட்டுகிறவர் கால் வைக்கும் தாங்கியிலும் துளை போட்டேன். இரண்டாம் நாளே துளையின் ஓரத்திலிருந்து மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. துளையின் விளிம்பைத் தேய்த்து மழுக்காமல் விட்டால் அங்கிருந்துதான் இரும்பு கிழியத் தொடங்கும். அதுவும் ஆளின் முழு எடையைத் தாங்குகிற இடம். ஓட்டத்துக்கு முன்னால் கண்ணில் பட்டது தெய்வச் செயல். தாங்கியைப் பழையபடி போட்டோம். பிரேக், அச்சு, முன் போர்க், ஹாண்டில் பக்கம் அதற்குப் பிறகு கையே வைக்கவில்லை. 2024 ஏப்ரலில் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஏழு பேர் இறந்ததை இந்த மலையில் யாரும் மறக்கவில்லை. அதனால் நாங்கள் பழகுகிற தேயிலை நடுவேயுள்ள தனிப் பாதையிலும் இரண்டு முனையிலும் ஆள் நிறுத்தாமல் தம்பி வண்டியை உதைப்பதில்லை. வண்டி அங்கே போவதும் லொறியில்தான்.

இன்னொரு பாடம் முன்சக்கரம் சொல்லித் தந்தது. முன்னால் 7 கிலோ இறங்கி 39 ஆனதும், ஏற்றத்தில் கிளட்சை விட்டவுடன் முன்சக்கரம் மிதக்கத் தொடங்கியது. மிதந்தால் திரொட்டிலை மூட வேண்டும். மூடினால் சம்பாதித்த நேரம் போச்சு. அமெரிக்காவில் மணல்மேடுகளில் நாலு சக்கர யமஹா பன்ஷீயை ஓட்டுகிறவர்களுக்கும் இதே தொல்லை. 1987இல் வந்த அந்த இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் குவாடை அவர்கள் எலும்பாக உரித்துவிட்டு, முன்பக்கம் தூக்காமல் இருக்கப் பின் ஸ்விங் ஆர்மை நீட்டி வைக்கிறார்கள். நேர்கோட்டுக்கு அது அருமையான வேலை. வளைவு மேல் வளைவாக ஏறும் எங்களுக்கு நீண்ட வண்டி திரும்பாது. அதனால் சீட்டை முன்னுக்குத் தள்ளினோம். தம்பி இப்போது டாங்கின் மேலே கிட்டத்தட்டக் குப்புறப் படுத்துக்கொண்டுதான் கிளம்புகிறான். அவனுடைய 58 கிலோவில் முன்பைவிடக் கூடுதல் பங்கு முன்சக்கரத்தை அமுக்குகிறது. காசில்லாமல் கிடைத்த தீர்வு!

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது பாட்டு மாதிரி. வண்டியும் ஆளும் சேர்ந்து முன்பு 164 கிலோ, இப்போது 143. ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கிற வலு 15 வீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடியிருக்கிறது. ஒன்பது சொச்சக் குதிரையோடு நிற்கிற எஞ்சின், பத்தரைக் குதிரை போல இழுக்கிறது. மலை பிடுங்கிக்கொண்டதில் பெரும்பங்கு திரும்பி வந்துவிட்டது, எஞ்சினில் ஒரு நட்டைக்கூடத் திருகாமல்!

மூன்றாவது ஞாயிறு காலை ஓட்டிப் பார்த்தோம். பனி தேயிலை நிரையில் இன்னும் விலகவில்லை. கழற்றுவதற்கு முன்னால் அதே பாதையில் 47 விநாடி எடுத்திருந்தான். மேலே கடிகாரத்தோடு நான் நின்றேன். சத்தம் முதலில் வந்தது, அழுத்தமாக, இழுபறி இல்லாமல். கடைசி வளைவில் ஹெல்மெட் தெரிந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. 43.6. கடிகாரத்தைத் தம்பி முகத்துக்கு நேரே நீட்டினேன். அவன் பார்க்கவில்லை. டாங்கில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அரை லீற்றர் பெற்றோல் மட்டும் விட்டிருந்தோம். செங்குத்தில் அது பின்பக்கம் ஓடி, குழாய் வாயில் காற்று ஏறியதில் கடைசி வளைவில் எஞ்சின் ஒருமுறை திக்கியதாம்.

“கால் லீற்றர் கூட விடுவோம்ணே. 200 கிராம்கூட வராது.”

அந்த 200 கிராமை எங்கே குறைப்பது என்று பார்க்கத்தான் இன்று இரவு மறுபடி வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறோம். பின் பல்சக்கரத்தின் நடுப்பகுதியில் இன்னும் கொஞ்சம் இரும்பு மிச்சமிருப்பது போல் படுகிறது.