விரல்நுனியில் இறால்

கோடை விடுமுறை என்றால் எங்களுக்கு எண்ணூர் கழிமுகம்தான். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்குச் சற்று மேலே, காட்டுக்குப்பம் பக்கம், கையால் தடவி இறால் பிடிப்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்போம். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் சேற்றின் மேல் மெல்ல நகர்த்துவார்கள். கலங்கிய நீரில் கண்ணுக்கு வேலையில்லை, பார்ப்பதெல்லாம் விரல்நுனி. இறாலின் மீசை உரசியதும் கை நின்றுவிடும். அவசரப்பட்டால் இறால் பின்னோக்கித் துள்ளி ஓடிவிடும். அதனால் பூப்பறிப்பதுபோல் அத்தனை நிதானமாக விரல்கள் மூடும்.

பறிக்குள் விழுந்த இறால் ஓலையில் சடசடவென்று அடித்துக்கொள்ளும். காலடியில் வெதுவெதுப்பான சேறு, வெயிலில் உப்புப் பூத்த முதுகுகள், கரையோரம் அலையாத்திச் செடிகள். சிப்பி கீறும், கெளுத்தி முள் குத்தும், கை பின்வாங்காது. ஓதம் ஏறினால் கரையேறுவதும் வடிந்தால் இறங்குவதும் அவர்களுக்கு உடம்பிலேயே ஊறிய கணக்கு. ஆனால் பக்கத்து அனல்மின் நிலையத்தின் சாம்பல் படிந்த இடத்தில் அந்த விரல்களுக்கு வேலையில்லை. சேறு சேறாக இருந்தால்தான் இந்தத் திறமை வாழும். ஆற்றைச் சுத்தமாக விட்டுவைப்பதே அந்தக் கைகளுக்கு நாம் செய்யும் மரியாதை.