தண்டியடிகளின் கயிறு
தமிழ் மரபும் உடற்குறையுற்றோரும்: ஒரு விமரிசன நோக்கு

ஒரு சமுதாயம் தன்னுள் வாழும் கண்ணற்றவரையும் செவிப்புலனற்றவரையும் நடக்கவியலாதவரையும் எவ்வாறு நோக்கிற்று என்பதை அறிய அதன் சட்டங்களை மட்டும் புரட்டிப் பார்த்தல் போதாது. சட்டங்கள் மிகப் பிற்காலத்தன. அவை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே பாடல்களும் கதைகளும் அந்நோக்கை வகுத்துவிட்டன. இன்றும் ஊர்ப் பொதுமண்டபத்திலே சக்கர நாற்காலி வழங்கும் வைபவம் நடைபெறுகையில் மேடையிற் பேசப்படும் ‘கருணை’, ‘கொடை’, ‘தன்னம்பிக்கை’ முதலிய சொற்கள் புதியன அல்ல. அவற்றின் வேர்கள் இலக்கிய மரபில் உள்ளன. அம்மரபு எவற்றைப் போற்றிற்று, எதனைக் கண்டும் காணாது விட்டது என்று வினவுதல் பயனுடையது.

முதலிற் சான்றாவது புறநானூற்றின் 28 ஆம் பாடல். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியை நோக்கிக் கூறுவதாக அமைந்த அப்பாடல், குருடு, கூன், குறள், ஊமை, செவிடு முதலாக எண்வகைக் குறைபாடுகளைத் தொகுத்து, அத்தகைய பிறப்புகளாற் பயனில்லை என முன்னோர் கூறியதாக எடுத்துரைக்கின்றது. அரசனுக்கு அறம் பொருள் இன்பங்களை வற்புறுத்துவதே புலவரின் நோக்கம். உடற்குறை இங்கு ஓர் ஒப்புமைக் கருவி மாத்திரமே. எனினும் அக்கருவி கேட்போருக்கு விளக்கமின்றியே விளங்கியது என்பது சிந்திக்கத்தக்கது. குறையுடைய பிறப்புப் பயனற்றது என்ற எண்ணம் அக்காலத்தில் நிறுவப்பட வேண்டிய ஒன்றாக இருக்கவில்லை.

இவ்வெண்ணத்திலிருந்து மணிமேகலை பெரிதும் விலகிச் செல்கின்றது. மதுரையிற் சிந்தாதேவி கோயிலில் வாழ்ந்த ஆபுத்திரன், கண்ணில்லாதோரையும் செவி கேளாதோரையும் கால் முடம்பட்டோரையும் ஆதரவற்றோரையும் நோயுற்றோரையும் அழைத்து, தான் இரந்து பெற்ற உணவை அவர்களுக்கு ஊட்டி, எஞ்சியதையே உண்டான். பயனற்ற பிறப்புகள் என ஒதுக்கப்பட்டோர் இங்கே முதல் விருந்தினராகின்றனர். தமிழிலக்கியத்தின் அறவுணர்வு உயர்ந்து நிற்கும் இடங்களுள் இது ஒன்று என்பதில் ஐயமில்லை.

ஆயினும் சாத்தனார் கதையை அவ்விடத்தில் நிறுத்தவில்லை. அமுதசுரபியைப் பெற்றபின் ஆபுத்திரன் எண்ணற்றோரின் பசியைப் போக்குகின்றான். பின்னர் மழை வளம் சுரந்து நாடு செழிக்கின்றது, இரப்போர் இல்லாதொழிகின்றனர். உணவு கொள்வாரைத் தேடி அலைந்த ஆபுத்திரன், சாவகம் செல்லக் கலமேறி, இடைவழியில் மணிபல்லவத்திலே தனித்து விடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் துறக்கின்றான். மணிபல்லவத்தை நயினாதீவு எனக் கொள்ளும் மரபு ஈழத்தவர் அறிந்ததே. கொடையின் மேன்மையைப் பாட வந்த காவியம் கொடையின் எல்லையையும் தன்னையறியாமலே காட்டிவிடுகின்றது. கொடுப்பவனுக்குக் கொள்பவன் வேண்டும். கொள்பவனின் தேவை நீங்கின் கொடுப்பவனின் வாழ்வு பொருளிழக்கின்றது. முடம்பட்டோர் உண்டனர் என்று காவியம் கூறுகின்றது. உண்டபின் அவர்கள் யாது செய்தனர், எங்கே சென்றனர், எத்தொழில் புரிந்தனர் என்பன பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

மூன்றாவது நோக்கு திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் வருவது. பொறி இல்லாமை எவர்க்கும் பழியாகாது, முயற்சி இல்லாமையே பழி என்பது அங்குள்ள கருத்து. பரிமேலழகர் ‘பொறி’ என்பதற்கு விதி எனப் பொருள் கொண்டார். அதனை உடலுறுப்பு எனக் கொண்டு, ஊனம் இழிவன்று என்பதற்கு மேற்கோளாக்குவாரும் உளர். பழியை நீக்கியவகையில் இக்குறள் புறநானூற்றுப் பாடலுக்கு மறுதலையாக நிற்கின்றது. எனினும் எப்பொருள் கொள்ளினும் சுமை தனிமனிதனின் தோளிலேயே ஏற்றப்படுகின்றது. முயல்பவன் மேலெழுவான் என்ற கூற்று, எழ முடியாதவன் முயலவில்லை என்ற தீர்ப்பாக எளிதில் மாறிவிடும். படிகள் மட்டுமே உள்ள கட்டடத்தின் வாயிலில் சக்கர நாற்காலியில் வந்து நிற்பவனுக்கு முயற்சியின் பெருமையை எடுத்துரைப்பதால் விளையும் பயன் யாது?

இம்மூன்று நோக்குகளிலும் காணப்படாத ஒன்று பெரியபுராணத்திலே தண்டியடிகள் வரலாற்றில் இருக்கின்றது. திருவாரூரிற் பிறவிக் குருடராகத் தோன்றிய தண்டியடிகள், திருக்கோயிலின் மேற்றிசைக் குளம் சமணரின் குடியிருப்புகளால் இடங்குறைந்தமை அறிந்து, அதனைத் தாமே அகழத் துணிகின்றார். குளத்தினுள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இரண்டையும் கயிற்றாற் பிணைத்து, அக்கயிற்றைத் தடவிச் சென்று மண்ணை வெட்டிக் கூடையிற் சுமந்து வந்து கொட்டுகின்றார். சேக்கிழார் இதனை அற்புதமாகக் கூறவில்லை. வேலை நடைபெற்ற முறையாகவே கூறுகின்றார். இரு தறியும் ஒரு கயிறும் அமைந்த அளவில் கண்ணில்லாதவர் குளம் தோண்டும் தொழிலாளியாகிவிடுகின்றார்.

சமணர் அவரைத் தடுக்கின்றனர். கண்ணோடு செவியும் இழந்தாயோ என இகழ்கின்றனர். இறுதியில் மண்வெட்டியைப் பறித்துத் தறிகளையும் கயிற்றையும் பிடுங்கி எறிகின்றனர். சைவ சமணப் பகைமையின் நிழல் படிந்த சித்திரம் இது என்பதையும், பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சோழர் அவைச் சூழலில் எழுந்த நூல் மாற்றுச் சமயத்தவரை நடுநிலையோடு தீட்டும் என எதிர்பார்க்கவியலாது என்பதையும் மறந்துவிடலாகாது. அப்பகைமையை ஒதுக்கிவிட்டு நோக்கினும் நிகழ்ச்சியின் அமைப்பு எஞ்சி நிற்கின்றது. தண்டியடிகளின் வேலை நின்றது கண் இல்லாமையால் அன்று. கயிறு பிடுங்கப்பட்டமையாலேயே நின்றது. முன்னையது பிறப்பால் வந்தது. பின்னையது மனிதர் செய்தது. உடலின் குறை வேறு, அக்குறையுடையோரின் வழியை மறிக்கும் சமுதாயத் தடை வேறு என இக்காலத்து உரிமை இயக்கங்கள் வற்புறுத்தும் வேறுபாடு இங்கே ஒரு கதையின் உறுப்பாகவே அமைந்து கிடக்கின்றது.

சேக்கிழார் இவ்விடத்தினின்று வேறு திசையிற் செல்கின்றார். இறைவன் அருளால் தண்டியடிகள் குளத்தில் மூழ்கிக் கண் பெற்று எழுகின்றார். சமணர் கண் இழக்கின்றனர். குருட்டுத்தன்மை பகைவருக்குரிய தண்டனையாகின்றது. கயிறு பின்னர் பேசப்படவேயில்லை. சுந்தரர் வரலாற்றிலும் இதே போக்கைக் காணலாம். சங்கிலியாருக்கு அளித்த உறுதியை மீறிய சுந்தரர் கண்ணிழக்கின்றார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெறுகின்றார். காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் பெறுகின்றார். ஊன்றுகோல் கண்ணுக்கு முந்திய தற்காலிக ஏற்பாடாகவே கதையில் இடம்பெறுகின்றது. பக்தி இலக்கியத்தின் நோக்கிற்கு இம்முடிவுகள் இயல்பானவை. ஆயின் அற்புதம் நிகழாத வாழ்வில் இருப்போருக்குக் கோலும் கயிறுமே இறுதிவரை துணை.

புலவர் பற்றிய செவிவழி வரலாறுகளிலும் இக்கயிற்றின் இழை தென்படுகின்றது. அந்தகக்கவி வீரராகவ முதலியார் முதுகில் எழுத்துகளை எழுதச் செய்து கல்வி கற்றார் என்பதும், யாழ்ப்பாணத்துக்கு வந்து பரராசசேகர மன்னனிடம் பரிசில் பெற்றார் என்பதும் வழங்கிவரும் செய்திகள். அவரது நினைவாற்றல் போற்றப்படுகின்றது. குறை பெயரோடு ஒட்டி ‘அந்தகக்கவி’ என நிலைத்துவிட்டது. ஆயின் அவர் முதுகில் எழுதிய கை யாருடையது? நாள்தோறும் பொறுமையாக எழுதிய அக்கையின்றி அப்புலவர் இல்லை. அதனை மரபு நினைவிற் கொள்ளவில்லை. இரட்டைப் புலவரின் கதையும் இத்தகையதே. முடவர் குருடரின் தோளிலிருந்து வழிகாட்ட, இருவரும் ஊர் ஊராகச் சென்று, ஒருவர் தொடங்கிய பாட்டை மற்றவர் முடித்தனர் என்பர். தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் அவர்கள் பெயரால் நிற்கின்றன. ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படும் இக்கதை, இருவருக்கும் ஒருவரையொருவர் தவிர வேறு துணை இருக்கவில்லை என்பதையும் உடன் கூறுகின்றது. மேலும், இவ்வரலாறுகளுள் உடற்குறையுடைய பெண் ஒருத்திக்கேனும் இடமில்லை. அவள் வீட்டின் உள்ளறையிலேயே இருந்தாள் போலும்.

பழைய நூல்களை இக்கால உரிமைக் கோட்பாட்டால் அளத்தல் தகுமா என்ற மறுப்பு எழலாம். சாத்தனாரையோ சேக்கிழாரையோ குற்றவாளியாக்குதல் இங்கு நோக்கமன்று. அவர்கள் தம் காலத்துக்கு எழுதினர். அவர்களைப் படிக்கும் இக்காலத்தவர் எதனைத் தெரிந்தெடுத்து மேடையேற்றுகின்றனர் என்பதே வினா. அமுதசுரபியும் அற்புதமும் மீண்டும் மீண்டும் மேடையேறுகின்றன. தறியும் கயிறும் ஏறுவதில்லை.

இலங்கையின் இன்றைய நிலையை இவ்வொளியில் நோக்குதல் பொருந்தும். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, 5 வயதும் அதற்கு மேலும் உடையோருள் 8.7 சதவீதத்தினர், அஃதாவது ஏறத்தாழ 16 இலட்சம் பேர், பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றுள் ஒன்றிலேனும் இடர்ப்பாடு உடையோர். 1983 முதல் 2009 வரை நீடித்த போர் வடக்கிலும் கிழக்கிலும் கண்ணையும் காலையும் இழந்தோரை ஊர்தோறும் விட்டுச் சென்றது. சட்டங்களுக்கும் குறைவில்லை. அரசாங்க வேலைவாய்ப்புகளில் 3 சதவீதத்தை ஒதுக்கும் சுற்றறிக்கை 1988 இல் வெளிவந்தது. வேலைக்குச் சேர்த்தலிலும் கல்வி அனுமதியிலும் பாகுபாட்டைத் தடைசெய்யும் 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் நிறைவேறியது. பொதுக் கட்டடங்களை எவரும் அணுகக்கூடியவாறு அமைப்பதற்கான ஒழுங்குவிதிகள் 2006 இல் வர்த்தமானியில் வெளியாயின. ஐக்கிய நாடுகளின் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்புறுதி செய்தது.

இவற்றின் உள்ளமைப்பை ஆராயின் பழைய நோக்குகள் மறைந்துவிடவில்லை என்பது புலனாகும். 1988 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, உடற்குறை கடமைக்கு இடையூறாகாதிருத்தல் வேண்டும் என நிபந்தனை விதிக்கின்றது. அவ்விடையூறு உடலில் உள்ளதா, அலுவலகம் அமைந்துள்ள முறையில் உள்ளதா என்ற வினாவுக்கு அதில் இடமில்லை. கயிறு கட்டப்படாத குளத்தருகே நிறுத்திவிட்டு, தோண்டவியலுமா எனத் தண்டியடிகளை வினவுவது போன்றது இது. 2006 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் புதிய கட்டடங்களில் நடைமுறைப்படுத்தப்படுவதற்கு, விபத்தொன்றின்பின் சக்கர நாற்காலியில் வாழ்ந்த அஜித் பெரேரா 2009 இல் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. நீதிமன்றம் அவருக்குச் சார்பான கட்டளை பிறப்பித்தது. எனினும் உரிமை மறுக்கப்பட்டவரே வழக்காளியாகவும் வேண்டியுள்ள நிலையில், முயற்சியின் சுமை மீண்டும் அதே தோளில் ஏறுகின்றது.

ஊர்மட்டத்திற் கயிறு கட்டியோர் இல்லாமலில்லை. இரத்மலானையில் இயங்கும் செவிப்புலன், விழிப்புலன் அற்றோர் பாடசாலையின் வரலாறு 1912 இல் தொடங்குகின்றது. யாழ்ப்பாணத்திற் கைதடி நவீல்ட் பாடசாலையும் சுன்னாகம் வாழ்வகமும் வேறு எவரும் கற்பிக்க முன்வராத பிள்ளைகளுக்குக் கல்வியளித்தன. இவற்றின் பணி மதிக்கத்தக்கது. ஆயினும் தனி இல்லத்திற் கற்றுத் தேறிய பிள்ளை ஊருக்குத் திரும்புகையில், வாசிகசாலையும் சனசமூக நிலையமும் கூட்டுறவுச் சங்கமும் அப்பிள்ளைக்கு முன்போலவே மூடியிருப்பின் கல்வியின் பயன் பாதியிற் குன்றிவிடும். இதனை உணர்ந்தே உலக சுகாதார நிறுவனம் 1970களின் பிற்பகுதியிலிருந்து சமுதாயம்சார் புனர்வாழ்வு என்னும் முறையை வகுத்தது. குடும்பத்தவரும் அயலவரும் ஊர்ப்பாடசாலையும் பயிற்சியாளராக வேண்டும் என்பது அதன் அடிப்படை. அதற்கென 1989 இல் வெளிவந்த கைந்நூலின் ஆசிரியர்களுள் ஒருவர் இலங்கையரான பத்மனி மென்டிஸ். முதுகில் எழுதிய பெயரறியாக் கையை ஊர் முழுவதற்கும் உரியதாக்கும் முயற்சி என அதனைக் கூறலாம். அம்முறையிலும் ஒரு குறை நேரக்கூடும். தொண்டர் வந்து பயிற்சியளித்துச் சென்றபின், ஊரின் முடிவுகள் எடுக்கப்படும் கூட்டங்களில் உடற்குறையுடையோருக்கு ஆசனம் இல்லையாயின், அதுவும் இன்னொரு கொடையாகவே முடியும்.

தமிழ் கற்போருக்கு இதில் நேரடிப் பொறுப்பு ஒன்றுண்டு. விழிப்புலனற்ற மாணவர் கலைப்பீடங்களுக்கு வருகின்றனர். உடன் பயிலும் நண்பர் வாசித்துக் காட்டுவதையே அவர்களுட் பலர் நம்பியிருக்க வேண்டியுள்ளது. எழுத்தைக் குரலாக்கும் திரைவாசிப்பான் மென்பொருள் இன்று தமிழையும் வாசிக்கும். ஆனால் பக்கத்தை ஒளிப்படமாக வருடி வைத்த நூலை அது வாசிக்காது. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொண்டர்கள் பல நாடுகளிலிருந்து பழந்தமிழ் நூல்களை எழுத்து எழுத்தாகத் தட்டச்சிட்டனர். அதனாலேயே கண்ணில்லாத மாணவர் ஒருவர் தண்டியடிகள் வரலாற்றைப் பிறர் துணையின்றிப் படிக்க முடிகின்றது. ஈழத்து விமரிசன நூல்களும் சஞ்சிகைகளும் அந்நிலையை எய்துவதற்குச் செய்ய வேண்டியது இன்னும் மிகுதியாக உள்ளது. தமிழ்ச் சங்கமொன்று ஆண்டுதோறும் தன் மலரைப் படவடிவிலன்றி எழுத்து வடிவிலும் வெளியிடலாம். ஒவ்வோராண்டும் ஒரு பழைய நூலைப் பங்கிட்டுத் தட்டச்சிடலாம். தன் கூட்டங்களைப் படியில்லாத மண்டபத்தில் நடத்தலாம். விழிப்புலனற்ற மாணவரைப் பாராட்டுக்குரியவராக மேடையேற்றுவதோடு நில்லாது செயற்குழுவிலும் அமர்த்தலாம். இவற்றுக்குப் பெருநிதி வேண்டியதில்லை. தண்டியடிகளுக்கும் இரு தறியும் ஒரு கயிறுமே தேவைப்பட்டன. அவற்றைப் பிடுங்காதிருக்கும் அயலவரும் தேவைப்பட்டனர்.