மேற்கோளும் ஏதுவும்: ஆராய்ச்சி மாணாக்கர்க்கு ஓர் அடிப்படை

ஒரு பொருளின் உண்மையை ஐயந்திரிபு அற உணர்தற்பொருட்டுச் செய்யப்படும் முயற்சியே ஆராய்ச்சி எனப்படும். இம்முயற்சி இக்காலத்துப் பல்கலைக்கழகங்களிற் பட்டம் பெறுதற்குரிய ஒரு துறையாய் அமைந்துள்ளது. இலக்கிய நூல்களைப் பற்றியும் சமய நூல்களைப் பற்றியும் ஆய்வேடுகள் பல ஆண்டுதோறும் எழுதப்பட்டு வருகின்றன. அவற்றை எழுதும் மாணாக்கரின் உழைப்புச் சிறிதன்று. அதனை இகழ்தலுந் தகாது. ஆயினும், அவ்வேடுகளுட் பலவற்றை ஊன்றிப் படிப்பார்க்கு ஒரு குறை புலப்படாமற் போகாது. பக்கந்தோறும் மேற்கோள்கள் நிரம்பியிருக்கின்றன. அவற்றால் நிறுவப்படுவது யாது என வினவின், விடை கிடைப்பது அரிதாயிருக்கின்றது. பிறர் கூறியன எல்லாம் தொகுக்கப்பட்டுள்ளன. தொகுத்தவர் துணிந்தது யாது என்பது மட்டும் காணப்படவில்லை.

இக்குறையின் வேரை 'மேற்கோள்' என்னும் சொல்லிலேயே காணலாம். இன்று இச்சொல் பிறர் வாக்கை எடுத்துக் காட்டுதல் என்னும் பொருளிலேயே பெரும்பாலும் வழங்குகின்றது. உரையாசிரியர் காலந்தொட்டே அவ்வழக்கு உண்டு; அது பிழையன்று. ஆனால் மெய்கண்ட தேவ நாயனார் அருளிய சிவஞானபோதத்தில் இச்சொல்லுக்குப் பொருள் வேறு. ஆங்கு மேற்கோள் என்பது ஆசிரியர் தாம் நிறுவுதற்கு மேற்கொண்ட கோட்பாடு; வடநூலார் பிரதிஞ்ஞை என்பது இதனையே. அந்நூலின் 12 சூத்திரங்களும் 39 அதிகரணங்களாக வகுக்கப்பட்டு, ஒவ்வோர் அதிகரணமும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் உறுப்புக்களோடு நடக்கின்றது. முதற் சூத்திரத்து முதல் அதிகரணத்தில், உலகம் தோன்றி நின்று ஒடுங்குவது என்பது மேற்கோள். தோற்றமும் ஈறும் உள்பொருளின் கண்ணே நிகழ்வன என்பது ஏது. பொருள்கள் ஒன்றினொன்று தோன்றி நின்று அழிதலைக் கண்கூடாகக் காட்டுவது எடுத்துக்காட்டு. கோட்பாடு இன்றி ஏது இல்லை; ஏது இன்றி எடுத்துக்காட்டுக்கு வேலை இல்லை. பின்னைப் பொருளில் வரும் மேற்கோள்கள் மலிந்தும் முன்னைப் பொருளில் வரும் மேற்கோள் ஒன்றேனும் இல்லாத ஏடு, செங்கல்லும் சுண்ணாம்பும் குவித்து வைத்த வெற்றுமனை போல்வதன்றி வீடாகாது.

மேற்கோள் பிறத்தற்கு ஐயம் முற்பட வேண்டும். அதிகரணத்திற்கு விடயம், ஐயம், பூர்வபக்கம், சித்தாந்தம், இயைபு என உறுப்பு ஐந்து கூறுவர் நூலோர். விடயத்தின் பின்னும் பூர்வபக்கத்தின் முன்னும் ஐயம் வைக்கப்பட்டமை நோக்கற்பாலது. 'சிவஞானபோதம் ஓர் ஆய்வு' என்று தலைப்பிடும் மாணாக்கன் விடயத்தை மட்டும் கூறினான்; ஐயத்தைக் கூறினானில்லை. ஐயம் இல்லாதவிடத்து ஆராய்தற்கு யாதும் இல்லை. நூலின் சுருக்கத்தை எழுதி அமைதலே அவனால் இயலும். 'சிவஞானபோதம் தமிழில் தோன்றிய முதனூலோ, வடமொழியினின்றும் பெயர்க்கப்பட்டதோ' என்று அவன் வினவுவானாயின், அப்பொழுதே ஆராய்ச்சி தொடங்கிற்று எனலாம்.

இவ்வினா நெடுங்காலம் வழக்காடப்பட்டது. இன்றும் முற்றத் தீர்ந்திலது. சைவர் பலர்க்கு இது நெஞ்சைத் தொடும் வினாவும் ஆகும். ஆதலின் ஆராய்ச்சியின் அடிப்படைகளை விளக்குதற்கு இதுவே ஏற்ற இடம்.

முதற்கண் செய்யத்தக்கது, சான்றுகளைக் கால அடைவில் நிறுத்துதல். மெய்கண்டார் காலத்தைத் துணிதற்கு உமாபதி சிவாசாரியரின் சங்கற்ப நிராகரணம் உதவுகின்றது. அந்நூலின் பாயிரம் தான் எழுந்த காலத்தைச் சக ஆண்டு 1235 எனக் குறிக்கின்றது, அது கி.பி. 1313. மெய்கண்டார், அருணந்தி சிவாசாரியர், மறைஞான சம்பந்தர், உமாபதி சிவாசாரியர் என வரும் குருமரபில் உமாபதியார் நான்காமவர். ஆகவே மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டினர் என்பது கருதல் அளவையாற் பெறப்படும். இவ்வேது நூற்றாண்டைத் தருமேயன்றி ஆண்டைத் தராது. தலைமுறைக்கு இத்தனை ஆண்டு என வகுத்துப் பிறந்த ஆண்டையும் மறைந்த ஆண்டையும் எழுதிவிடுதல், ஏது தாங்கும் அளவின் மேலும் சுமை ஏற்றுதலாம்.

இனி வினாவிற்கு நேரே உரிய சான்றுகள் வருமாறு. சிவஞானபோதத்தின் சிறப்புப் பாயிரம், நந்தி முனிவர் கணத்திற்கு அளித்த போதத்தை மெய்கண்டார் உரைத்தார் என்னும் கருத்தினது. உமாபதியார் தம் சிவப்பிரகாசத்தில், குருமுதல்வர் சிவஞானபோதத்தைச் செப்பினார் என்றும், அவர் மாணவர் சித்தியை விரித்தார் என்றும் கூறுவர்; மொழிபெயர்ப்பு என அவ்விடத்துக் குறித்திலர். 16-ஆம் நூற்றாண்டில் சிவாக்கிரயோகிகள் வடமொழிச் சிவஞானபோதத்திற்கு வடமொழியிலேயே உரை செய்தார். 1785-இல் மறைந்த மாதவச் சிவஞான முனிவர், தம் மாபாடியத்தில், தமிழ்ச் சூத்திரங்கள் இரௌரவாகமத்தினின்றும் பெயர்க்கப்பட்டன என்றே கொண்டார்; அவை அவ்வாகமத்துப் பாசவிமோசனப் படலத்தின என்பது மரபு. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் பல சுவடிகளை ஒப்புநோக்கி, என். ஆர். பட் என்பவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, இரௌரவாகமத்தை 1961, 1972, 1988 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. அச்சுவடிகளில் அப்பன்னிரண்டு சூத்திரங்களும் காணப்படவில்லை.

சான்றுகள் இவை. இவற்றினின்றும் முடிபு கொள்ளுங்காலை ஏதுப்போலி புகாமற் காத்தல் வேண்டும். அளவை நூலார் ஏதுப்போலியை அசித்தம், விருத்தம், அநைகாந்திகம் என மூன்றாக வகுப்பர். மணிமேகலையும் இம்மூன்றனையும் விரித்துரைக்கும். இவ்வழக்கில் மூன்றும் நேர்தற்கு இடம் உண்டு.

'வடமொழிச் சூத்திரங்கள் இரௌரவாகமத்தில் உள்ளன. ஆதலால் தமிழ்நூல் மொழிபெயர்ப்பே' என்று ஒருவர் கூறின், அவர் காட்டும் ஏதுவே இன்னும் நிறுவப்படவில்லை. ஒப்புநோக்கப்பட்ட சுவடிகளில் அவை இல்லாதவழி, 'உள்ளன' என்பது கேட்டறிந்ததன்றிக் கண்டறிந்தது ஆகாது. இஃது அசித்தம்.

'இன்றுள்ள சுவடிகளில் அவை இல்லை. ஆதலால் அவை தமிழினின்றும் பிற்காலத்துப் பெயர்த்துச் செய்யப்பட்டன' என்று மற்றொருவர் கூறின், அதுவும் முடிபு ஆகாது. ஆகமங்கள் முழுவதும் கிடைத்தில. படலங்கள் பல மறைந்தன. கிடைத்த ஏடுகளும் சிதைவுடையன. சுவடியில் இல்லாமை, முன்னரே இல்லாமையோடும் பொருந்தும். இருந்து மறைந்தமையோடும் பொருந்தும். இருபாலும் செல்லும் ஏது ஒருபாலையும் நிறுவாது. இஃது அநைகாந்திகம். சிவாக்கிரயோகிகளின் உரையைக் காட்டி வடமொழி நூலே முற்பட்டது என்பார் கூற்றும் இவ்வகையின்பாற்படும். அவ்வுரையால் அறியப்படுவது, வடமொழிச் சூத்திரங்கள் 16-ஆம் நூற்றாண்டில் நிலவின என்பது ஒன்றே; 13-ஆம் நூற்றாண்டிற்கு முன்னும் நிலவின என்பதற்கு அது சான்று ஆகாது.

சிறப்புப் பாயிரத்தில் 'உரைத்தார்' என்னும் பொருட்டாய் வரும் சொல் ஒன்றனையே பற்றி, மெய்கண்டார் தாமே புதிதாக இயற்றினார் என்பதற்கு அதனைச் சான்றாக்குவாரும் இருத்தல் கூடும். அப்பாயிரமே, உரைக்கப்பட்டது நந்தி முனிவர்க்கு முன்னரே அளித்தது எனக் கூறுகின்றது. முழுவதும் நோக்கின், காட்டிய சான்று காட்டியவர் கொள்கைக்கே மாறாகின்றது. இஃது விருத்தம். ஒரு தொடரின் ஒரு சொல்லை மட்டும் பறித்தெடுத்து எழுதுவார்க்கு இக்குற்றம் எளிதில் நேரும்.

அங்ஙனமாயின் மாணாக்கன் துணிந்து எழுதத்தக்கது யாதோவெனின், கூறுதும் என ஆசிரியர் பலர் விரைந்து ஒருபக்கம் சார்வர். விரைதல் வேண்டா. வார்த்திகமும் எடுத்துக்காட்டு வெண்பாக்களும் கூடிய தமிழ்நூல் 13-ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார் வாக்காகப் போற்றப்படுவது என்பது துணிபு. வடமொழிச் சூத்திரங்கள் 16-ஆம் நூற்றாண்டிற்குள் வழங்கின என்பதும் துணிபு. முனிவர் அளித்த போதம் மெய்கண்டார் வாயிலாக வந்தது என்னும் மரபு பாயிரத்தில் உள்ளது. அதனை மொழிபெயர்ப்பு எனத் தெளித்துரைப்பது மாபாடியம். இரௌரவாகமச் சுவடிகள் அதனை இதுகாறும் உறுதி செய்யவில்லை. இவ்வளவே இப்பொழுது உள்ள சான்றுகள் தாங்கும். எஞ்சியது ஐயமாகவே நிற்க, அதனை ஐயம் என்றே எழுதுதல் ஆராய்ச்சிக்கு இழுக்கன்று. சுவடி ஒன்று நாளைக் கிடைப்பின், பின்வருவோர் ஆராய்ச்சியைத் தொடங்குதற்குரிய இடத்தை அவ்வெழுத்தே காட்டும்.

ஈண்டு அன்பர் சிலர், 'குருமரபில் வந்த கொள்கையை இவ்வாறு ஐயுறுதல் தகுமோ' எனக் கடாவுவர். அவர் அச்சம் இயல்பே. ஆயினும், ஐயுறப்படுவது நூலின் பொருளன்று. அது வந்த வழியேயாம். முப்பொருள் உண்மையை நிறுவும் ஏதுக்கள் நூலினுள்ளேயே நிற்கின்றன. அவை தமிழில் முதற்கண் கூறப்பட்டனவாயினும், வடமொழியினின்றும் பெயர்க்கப்பட்டனவாயினும், ஏதுவின் வலிமை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. மற்றொரு புறத்துத் தமிழ்ப்பற்றே காரணமாக முதனூல் என முடிபு செய்தபின் சான்று தேடுவாரும் உளர். இரு சாராரும் செய்யும் பிழை ஒன்றே: முடிபை முன்வைத்து ஏதுவைப் பின்தேடுதல். மெய்கண்டார் நூல் ஒவ்வொரு மேற்கோளையும் ஏதுவினால் தாங்கி நிறுத்துவது. அந்நூலைப் பற்றிய வழக்கிலேயே ஏதுவைக் கைவிடுதல் அந்நூலுக்குச் செய்யும் வழிபாடு ஆகாது.

மாற்றார் கொள்கையைக் கூறும் முறையும் மாணாக்கர் கற்கவேண்டியதொன்று. சிவஞான சித்தியார் பரபக்கத்தில், உலகாயதன் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாக உள்ளார் மதங்களை அருணந்தி சிவாசாரியர் முதலில் அவரவர் கூற்றாகவே எடுத்துரைத்துப் பின்னரே மறுக்கின்றார். மறுக்கப்படுவோன் தானே வந்து படித்தாலும் 'இஃது என் கொள்கையே' என ஒப்புமாறு கூறியபின் மறுத்தலே மறுப்பு ஆகும். நன்னூலார் எழுவகை மதங்களுள் உடன்படலை மறுத்தலின் முன் வைத்து எண்ணினமையும் கருதத்தக்கது. மாற்றார் கொள்கையைத் தம் வாயால் மெலிவித்து உரைத்து, அம்மெலிவையே மறுத்து வெற்றி கொண்டாடுதல் பல ஏடுகளிற் காணப்படும் குற்றம்.

இவையெல்லாவற்றிற்கும் அடியாய் நிற்பது மூலத்தை நேரே காண்டல். ஒருவர் நூலிற் காட்டிய பாட்டையும் எண்ணையும் அவர் நூலினின்றே பெயர்த்தெழுதி, மூலத்தைக் கண்டது போலக் குறித்தல் இக்காலத்துப் பரவிய தீங்கு. முன்னவர் எண்ணிற் பிழைத்தால் பின்னவர் பதின்மரும் அப்பிழையையே எழுதுவர். பதின்மர் எழுதினமையே அதற்குச் சான்றும் ஆகிவிடும். உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபொழுது, நச்சினார்க்கினியர் உரையில் நூற்பெயர் சுட்டாது காட்டப்பட்ட பகுதிகளின் மூலங்களைத் தேடினார். அத்தேட்டமே பழைய சங்க நூல்களிடத்து அவரைச் செலுத்தியது. சிந்தாமணி 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், புறநானூறு 1894-இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. உரையில் வந்த ஓர் அடியை 'எங்கோ உள்ளது' என விட்டிருப்பின் அவர் அவ்வழிச் சென்றிருக்கமாட்டார். ஏடு பலவற்றை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் குறித்து வைத்தமையும் அவர் பதிப்புக்களின் உறுதிக்குக் காரணம்.

இக்கால மாணாக்கர்க்கு வாய்ப்பு மிகுதி. புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடித் தொகுதிகள் 2005-இல் ஐக்கிய நாடுகள் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனத்தின் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டன. முன்னோர் ஊர் ஊராக நடந்து கண்ட ஏடுகளுட் பலவற்றை இன்று ஓரிடத்திருந்தே காண இயலும். வாய்ப்பு மிக்கவிடத்துக் காணாமை பொறுக்கத்தக்கதன்று.

ஆய்வேடு எழுதப்புகும் மாணாக்கன் எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று வினாக்களாற் சோதித்தல் நலம். இப்பக்கம் நிறுவுவது யாது? அதற்கு ஏது யாது? அவ்வேதுவைத் தானே கண்டானா, கேட்டானா? முதல் வினாவிற்கு விடை இல்லையேல் அப்பக்கத்தை நீக்குக. இரண்டாவதற்கு இல்லையேல் மீண்டும் தேடுக. மூன்றாவதற்குக் 'கேட்டேன்' என்பதே விடையாயின், கேட்டது யாரிடம் என்பதை மறையாது எழுதுக. இம்மூன்றும் வழுவாத ஏடு சிறிதாயினும் பின்வருவோர்க்குப் பயன்படும். பிறர் வாக்கால் நிரம்பிய பெருநூல் எழுதினவர்க்குப் பட்டம் தரலாம்; படிப்பவர்க்குத் தெளிவு தராது.