திருமலைக் கல்வெட்டும் அம்பட்டன் வாராவதியும்

பிறமொழிப் பெயர்கள் தமிழில் வழங்குங்கால் அடையும் மாற்றம் அனைத்தையும் 'சிதைவு' என்னும் ஒரு சொல்லால் குறித்தமைதல் ஆராய்ச்சிக்கு ஏற்றதன்று. தமிழ் ஒலிமரபிற்கு இயைய மாறுதல் ஒன்று. கேட்ட ஒலியைத் தாம் அறிந்த பிறிதொரு சொல்லாகக் கொண்டு புதுப்பொருள் கற்பித்தல் மற்றொன்று.

முன்னதற்குத் திருமலைக் கல்வெட்டுச் சான்றாகும். பட்டு நெசவாற் பெயர்பெற்ற ஆரணியை அடுத்த அச்சமணத் தலத்தில், முதலாம் இராசேந்திரனின் 13-ஆம் ஆட்சியாண்டு மெய்க்கீர்த்தி பொறிக்கப்பட்டுள்ளது. அதில் தர்மபாலன் 'தன்மபாலன்' எனவும், தண்டபுக்தி 'தண்டபுத்தி' எனவும் வருகின்றனர். புக்தி என்பது வடநாட்டில் ஆட்சிப் பிரிவைக் குறித்த சொல். 'புத்தி' என்னும் வடிவு அறிவைக் குறிக்கும் சொல்லோடு ஒத்திருப்பினும், அஃது ஒலியின் விளைவேயன்றிப் பொருளின் விளைவன்று. முத்தி, பத்தி முதலியனவும் அவ்வாறே அமைந்தன. தொல்காப்பிய எச்சவியல் வடசொற்கு வகுத்த நெறியும் இதுவே.

பின்னதற்குச் சென்னை 'அம்பட்டன் வாராவதி' சான்றாகும். ஆமில்டன் என்னும் ஆங்கிலேயர் பெயரால் அமைந்த பாலம், மக்கள் வழக்கில் இப்பெயர் பெற்றது என்பர். முதலிலுள்ள மூச்சொலி கெட்டதும், லகரம் டகரத்தோடு ஒன்றியதும் ஒலிமரபால் விளக்கத்தக்கன. மகரத்தின்பின் பகரம் தோன்றியதோ அவ்வாறு விளக்கத்தக்கதன்று. 'அம்பட்டன்' என்னும் பழகிய சொல்லின் ஈர்ப்பே அதற்குக் காரணம்.

1886-இல் வெளிவந்து, 1903-இல் குரூக்கால் விரிவாக்கப்பெற்ற 'ஆப்சன்-சாப்சன்' அகராதி மரபு இதனை நாட்டவர் செய்த சிதைவாகக் காட்டும். இக்கூற்றுப் பாதி உண்மையே. தமிழர் செய்தது செவிப்பிழை. அதனை 'பார்பர்சு பிரிட்சு' என மொழிபெயர்த்து வழங்கியவர் ஆங்கிலேயர். தம் இனத்தார் பெயரையே அடையாளங் காணாமல் ஒரு குலப்பெயராக்கிய அச்செயலாற்றான் பிழை முழுமையுற்றது. மேலும், அவ்வகராதியின் தலைப்பே, முகரம் நாளில் எழுந்த 'யா அசன், யா உசேன்' என்னும் முழக்கத்தை ஆங்கிலப் படைவீரர் தம் நாட்டுப் பெயர்களாகக் கேட்டதன் விளைவு. ஆகவே இவ்வியல்பு ஓரினத்தார்க்கே உரிய அறியாமையன்று. அறியாத ஒலியில் அறிந்ததைத் தேடும் மாந்தர் செவியின் பொதுவியல்பாகும்.

இதன் பயன் யாது? 'பாரிமுனை'யை நோக்குக. 1788-இல் சென்னையில் வாணிகந் தொடங்கிய தாமசு பாரியின் பெயர் அது. அவ்வரலாறு மறைந்திருப்பின், பறம்பிற் பாரியை அங்குக் கொண்டுவந்து நிறுத்துதல் எளிது. ஒலி முற்றும் பொருந்தும், பொருளும் பெருமைதரும். அவ்வாறே 'அம்பட்டன்' என்னும் பெயர்கொண்டு, அங்கு அக்குலத்தார் குடியிருந்தனர் என வரலாறு புனைதலும் எளிது. அப்பாலம் பின்னர் அம்பேத்கர் பெயர் பெற்றமையால், பழம்பெயரின் வரலாறு மேலும் மறைதற்கு இடமுண்டு.

எனவே ஊர்ப்பெயராய்வில் ஒலியொப்புமை தொடக்கமேயன்றி முடிபன்று. மாற்றத்தின் ஒவ்வோர் எழுத்திற்கும் ஒலிமரபு காரணங் காட்டுகின்றதா என முதற்கண் வினவல் வேண்டும். காட்டாவிடத்துப் பொருளின் ஈர்ப்பை ஐயுறல் வேண்டும். ஒலி முற்றும் பொருந்துமிடத்தும் ஆவணச் சான்றின்றித் துணிதல் ஆகாது. பொதுமக்கள் செவிப்பிழை ஒரு பாலத்தின் பெயரை மாற்றும். ஆராய்வோர் செவிப்பிழையோ ஓர் ஊரின் வரலாற்றையே மாற்றிவிடும்.