பனி போய்ச் சேரும் இடம்

பார்க்கிங் லாட்டில் பனி வழித்தவர் தேர்ந்த கையா, புதுக்கையா என்று அறிய அவர் வண்டி ஓட்டுவதைப் பார்க்க வேண்டியதில்லை. விடிந்தபின் தரையைப் பார்த்தால் போதும். இரண்டு வழிப்புகளுக்கு நடுவே வரப்புப் போல ஒரு பனிக்கோடு விடுபட்டிருக்கும். அல்லது கடை வாசலில் டயர் ஏறி இறுகிய தடம் கல்லாகக் கிடக்கும். இரண்டும் இல்லாமல், மூலை வரைக்கும் தார் கறுப்பாகத் தெரிந்தால் அங்கே ஒரு கலைஞர் வந்து போயிருக்கிறார். டொராண்டோவின் ஸ்கார்பரோவில் பிளாசாக்களுக்குக் குறைவில்லை. குளிர்காலக் காலைகளில் நான் கடைகளைப் பார்ப்பதற்கு முன் அவற்றின் தரையைத்தான் பார்க்கிறேன்.

டிரக்கின் முன்னால் எட்டு அடி இரும்பு பிளேடு, தள்ளினால் போகிறது, இதில் என்ன கலை என்று கேட்பவர்கள் எடையைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். புதிதாக விழுந்த பனி கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. 5,000 சதுர மீட்டர் லாட்டில் 15 சென்டிமீட்டர் விழுந்தால் 75 டன். ஈரப்பனி என்றால் இரண்டு மடங்கைத் தாண்டும். கடை திறப்பதற்குள் ஒற்றை ஆள் இதை நகர்த்தியாக வேண்டும். பலத்தை நம்பி இறங்கினால் பாதியில் டிரக் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு தள்ளலும் எங்கே போய் நிற்கும் என்பது முதல் தள்ளலுக்கு முன்பே மனதில் தெளிவாக இருக்க வேண்டும். ஒரே பனியை இரண்டு தரம் தொடாமல் முடிப்பவரே என் பார்வையில் தேர்ந்தவர்.

நான் மிகவும் ரசிப்பது கடை வாசல் வேலையை. சுவரை நோக்கிப் பனியைத் தள்ள முடியாது, கதவை அடைத்துவிடும். எனவே டிரக் மூக்கைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய், பிளேடை நடைபாதை விளிம்பை ஒட்டி இறக்கி, ரிவர்ஸில் பின்னோக்கி இழுத்து வருகிறார்கள். பிளேடின் வளைவு முன்னால் தள்ளுவதற்காகச் செய்யப்பட்டது. பின்னால் இழுக்கும்போது பனியின் மேல் ஏறி வழுக்கப் பார்க்கும். அவசரக்காரர் இழுத்த இடத்தில் அதனால்தான் ஒரு மெல்லிய படலம் தங்கிவிடுகிறது. நிதானமானவர் மெதுவாக இழுத்து, இரண்டு வண்டி நீளம் வந்ததும் பிளேடைத் தூக்கி, சுற்றிக்கொண்டு வந்து, இழுத்த பனியைச் சுவரின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளிப் போகிறார். சில அங்குலத் தூரத்தில் கண்ணாடி. வெளிச்சமோ ஹெட்லைட்டும் சுழலும் மஞ்சள் விளக்கும் மட்டும். அந்த இடத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்ப்பேன்.

காதால் ரசிக்கவும் இதில் நிறைய உண்டு. பிளேடைத் தரையில் விட்டு, ஹைட்ராலிக் அழுத்தத்தைத் தளர்த்தி 'ஃப்ளோட்'டில் வைத்தால், தரையின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப இரும்பு தானே ஏறி இறங்கும். ஆழமான பனிக்குள் ஓசை மந்தமாக இருக்கும். தாரைத் தொட்டதும் கரகரவென்று கீச்சிடும். இறுகிய ஐஸின் மேல் போகும்போது அந்தக் கரகரப்பு சட்டென்று மழுங்கும். நல்ல ஓட்டுநர் அதைக் கேட்டே, 'இங்கே இன்னொரு தரம் போக வேண்டும்' என்று முடிவு செய்கிறார். எங்கேயாவது சாக்கடை மூடி துருத்திக்கொண்டிருந்தால் 'டங்' என்று ஒரு அடி. ஸ்பிரிங் பிடித்திருக்கும் கீழ்விளிம்பு மடங்கி, தடையைத் தாண்டி, திரும்ப நிமிர்கிறது. பிளவ் என்ற பனிவழிப்பான்கள் சிலவற்றில் முழு பிளேடுமே முன்னால் சாய்ந்து கொடுக்கும். எனக்குக் கீழ்விளிம்பு மட்டும் மடங்குவதுதான் பிடிக்கும். வாரிய பனி சிந்தாமல் பிளேடிலேயே நிற்கிறது.

வி வடிவில் மடியும் பிளேடு இப்போது பரவலாகிவிட்டது. ஆழமான பனியைப் பிளக்க அது வசதி, மறுக்கவில்லை. பெரிய மால்களிலோ லோடரில் பெட்டி மாதிரி பிளேடு பூட்டி மொத்தமாக அள்ளிப் போகிறார்கள். வேகம் உண்டு, எனக்கு அதில் மனம் ஒட்டுவதில்லை. நேர் பிளேடைச் சாய்த்து, பனியை ஓரத்தில் வழியவிட்டு, அடுத்த சுற்றில் அந்த வரப்பையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகிற கணக்கே தனி. எட்டு அடி பிளேடைச் சாய்த்தால் ஏழு அடிதான் வழிக்கும். அதிலும் முன் தடத்தின் மேல் கொஞ்சம் ஏறிப் போகாவிட்டால் கோடு விடுபடும். இத்தனையையும் இருட்டில், கண்ணாடியில் பனி அடிக்க அடிக்கச் செய்கிறார்கள்.

டிசம்பரில் ஒரு இரவு, சிறு பொழிவுதான். எங்கள் பிளாசாவில் பிளவ் ஓட்டிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துக்காரர் அந்தக் கொஞ்சப் பனியையும் லாட்டின் கடைசி வேலி வரைக்கும் கொண்டுபோய் ஏற்றிக்கொண்டிருந்தார். காபி வாங்க இறங்கியபோது கேட்டேன்.

"அண்ணை, இந்தச் சின்ன ஸ்னோவுக்கு ஏன் அவ்வளவு தூரம் போறியள்?"

"தம்பி, இது இண்டையான் ஸ்னோவுக்கு இல்லை. மாசியிலை வாறதுக்கு இப்பவே இடம் விடோணும். முதல் குவியலை முன்னுக்குப் போட்டால் பிறகு அது கல்லாப் போடும், தள்ளேலாது."

குளிர்காலம் முழுவதையும் முதல் பொழிவிலேயே வாசித்துவிட்ட பதில் அது. 1999 ஜனவரியில் புயல்கள் அடுத்தடுத்து வந்து, மேயர் மெல் லாஸ்ட்மன் ராணுவத்தையே டொராண்டோவுக்கு அழைத்தார். அப்படியொரு மாதம் மறுபடி வந்தால், டிசம்பரில் இடம் விட்டுவைத்த லாட்டில்தான் பிளவ் திரும்ப முடியும்.

குவியல் ஏற்றுவதிலும் நயம் இருக்கிறது. வேகமாகப் போய் முட்டினால் பனி சுவராக நின்றுவிடும், அதற்கு மேல் ஏறாது. அந்த யாழ்ப்பாணத்துக்காரர் குவியலை நெருங்கும்போதே பிளேடை மெல்ல உயர்த்தத் தொடங்குகிறார். பனி சரிவில் உருண்டு மேலே போகிறது, டிரக் முட்டாமல் நிற்கிறது. தீயணைப்புக் குழாயைச் சுற்றி ஆள் நிற்க இடம், சக்கர நாற்காலிக்காரரின் நிறுத்தம், தெருவுக்குத் திரும்பும் முனையில் வண்டி வருவது தெரியும் அளவு வெளி, எதையும் அவர் குவியல் தொடுவதில்லை.

குவியலை அவர் போட்டிருந்தது லாட்டின் தாழ்ந்த பக்கத்தில், வடிகாலுக்கும் கீழே. மார்ச்சில் பகல் வெயிலில் பனி உருகி ஓடும், இரவில் மறுபடி உறையும். குவியல் மேட்டில் இருந்தால் அந்த நீர் லாட்டைக் குறுக்கே கடந்து, காலையில் கண்ணுக்குத் தெரியாத ஐஸாக விரிந்துகிடக்கும். மூட்டை மூட்டையாக உப்பு கொட்ட வேண்டிவரும். கடுங்குளிரில் உப்பு சரியாக வேலையும் செய்யாது. கொட்டிய உப்போ கடைசியில் ஹைலண்ட் கிரீக் வழியாக ஒன்டாரியோ ஏரிக்குத்தான் போகிறது. சென்ற மார்ச்சில் அந்தக் குவியலின் நீர் வேலிப் பக்கமாகவே வடிந்து போயிற்று. மருந்துக்கடைக்கு வரும் முதியவர்கள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, உலர்ந்த தாரில் நடந்தார்கள்.