பழைய திங்க்பேடின் தகுதி

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற விரும்பும் மாணவருக்கு, மலிவான புதிய மடிக்கணினியைவிடப் பழைய திங்க்பேடே பொருத்தமானது. 1992இல் ஐபிஎம் அறிமுகப்படுத்தி, 2005இல் லெனோவோவின் கைக்கு மாறிய இவ்வரிசைக் கணினிகளை நிறுவனங்கள் மொத்தமாக வாங்கிச் சில ஆண்டுகளில் கழித்துவிடுவதால், அவை நன்கு உழைக்கும் நிலையிலேயே குறைந்த விலைக்குச் சந்தைக்கு வருகின்றன.

2017இல் வெளிவந்த டி470 இதற்கு நல்ல சான்று. இதிலுள்ள ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் செயலிகளை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. எனினும் வன்பொருளையும் நிரல்களையும் இணைக்கும் லினக்ஸின் உட்கரு இதை இன்றும் செம்மையாக இயக்குகிறது. அடிமூடியைக் கழற்றினால் நினைவகத்துக்கான இரண்டு செருகுவாய்களும் கைக்கெட்டுகின்றன. பின்புற மின்கலத்தை மாற்றும்போது உள்ளிருக்கும் மற்றொரு மின்கலம் கணினியை அணையவிடாமல் காப்பது, பயன்படுத்துவோரை மதித்துச் சிந்தித்த வடிவமைப்பாளரின் அருமையான வேலை.

வாங்குமுன் லினக்ஸ் பதிந்த பென்டிரைவிலிருந்தே கணினியை இயக்கி, வைஃபை, ஒலி, கேமரா ஆகியவற்றைச் சோதிக்கலாம். வட்டில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை நிரலான பயாஸில் முந்தைய நிறுவனம் இட்ட மேலாளர் கடவுச்சொல் எஞ்சியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அது மறந்துபோனால் தாய்ப்பலகையையே மாற்ற வேண்டும் என்பது லெனோவோவின் நிலைப்பாடு. ஆகவே அப்பூட்டுள்ள கணினியை எவ்வளவு மலிவாயினும் மாணவர் வாங்கலாகாது.