இசையும் காட்சியும்: ஐசன்ஸ்டீன் – ஐஸ்லர் கருத்து வேறுபாடு பற்றிய ஒரு நோக்கு

திரைப்படத்தைக் காண்பது கண். இசை அதற்கு அணி மட்டுமே என்பது பரவலான எண்ணம். உளவியல் ஆய்வுகள் இதனை மறுக்கின்றன. இரு முக்கோணங்களும் ஒரு வட்டமும் அசையும் குறும்படமொன்றை மார்ஷல், கோஹன் ஆகியோர் வெவ்வேறு இசையுடன் காட்டினர். இசை மாறியபோது அவ்வுருவங்களின் இயல்பு பற்றிய பார்வையாளரின் மதிப்பீடும் மாறியதென 1988இல் வெளியான அவர்களது ஆய்வு கூறுகிறது. 2000ஆம் ஆண்டில் ஷாம்ஸ் முதலியோர் இதனினும் அடிப்படையான உண்மையொன்றை வெளியிட்டனர். ஒளி ஒருமுறை மின்னுகையில் ஒலி இருமுறை எழுப்பப்படின், ஒளியும் இருமுறை மின்னியதாகவே பார்ப்போர்க்குத் தோன்றுகிறது. எனவே, கண்டதற்குப் பொருள் கொள்வதில் மட்டுமன்றிக் காண்பதிலேயே செவி பங்குகொள்கிறது எனலாம்.

எனின், அச்செவியை ஆள்வோர் யார்? இவ்வினா உடலியலுக்கு மட்டும் உரியதன்று, வரலாற்றுக்கும் உரியது.

ஐசன்ஸ்டீன், புடோவ்கின், அலெக்சாந்திரோவ் ஆகிய மூவரும் 1928இல் விடுத்த அறிக்கை, ஒலி காட்சிக்கு ஒத்தூதாது அதனோடு முரணி நிற்க வேண்டுமெனக் கோரியது. ஆயின், பத்தாண்டுகளின் பின் ஐசன்ஸ்டீன் ஆக்கிய 'அலெக்சாண்டர் நெவ்ஸ்கி'யில் (1938) புரொக்கோபியேவின் இசை காட்சியோடு இறுகப் பிணைந்துள்ளது. உறைந்த ஏரியின் மீது 1242இல் நிகழ்ந்த போருக்கு முந்திய காத்திருப்பில், காட்சிகளின் கோடும் இசையின் போக்கும் ஒத்துச் செல்வதை அவர் வரைபடமொன்றால் விளக்கினார். அடோர்னோவும் ஐஸ்லரும் 1947இல் வெளிவந்த தமது நூலில் இதனை மறுத்தனர். காட்சியோடு ஒத்திருப்பது தாளில் எழுதப்பட்ட இசைக்குறியீடே, செவியிற் படும் இசையன்று என்பது அவர்களது வாதம்.

இவ்வாதம் சரியானதே. எனினும், அக்காட்சி நம்மை ஆட்கொள்வதை மறுப்பதற்கில்லை. சிக்கல் அந்த ஆட்கொள்ளலிலேயே உள்ளது. 1939இல் ஜேர்மனியுடன் ஒப்பந்தம் ஏற்பட்டதும் அப்படம் திரையிலிருந்து அகற்றப்பட்டது. 1941இல் நாசிப் படையெடுப்பு நிகழ்ந்ததும் மீண்டும் காட்டப்பட்டது. பாசிச எதிர்ப்பு என்னும் உயரிய நோக்குடன் எழுப்பப்பட்ட உணர்ச்சியும் அரசின் தேவைக்கேற்ப மூடவும் திறக்கவும் கூடியதாயிற்று.

இதற்கு மாறான வழியை ஐஸ்லரின் ஆக்கமே காட்டுகிறது. அமெரிக்காவிலிருந்து 1948இல் வெளியேற்றப்பட்ட அவர், அலன் றெனேயின் 'இரவும் மூடுபனியும்' (1955) என்னும் ஆவணப்படத்துக்கு இசையமைத்தார். வதைமுகாம்களின் கோரம் மிகும் இடங்களில் அவரது இசை முழங்காது மெலிகிறது. அழுமாறு அது நம்மை ஏவுவதில்லை. கண்ட காட்சிக்கும் கேட்ட ஒலிக்கும் இடையிலான விலகலிற் பார்வையாளர் சிந்திக்க நிர்ப்பந்திக்கப்படுகிறார்.

கதையையும் உரையாடலையும் மட்டுமே கொண்டு ஒரு படத்தின் முற்போக்குத்தன்மையை அளவிடும் விமர்சனம் போதாதென்பது இதனாற் பெறப்படும். நல்ல கருத்தைக் கூறும் படமும் மக்களை வெறும் ஏவலாளராகக் கருதக்கூடும். இசை பார்வையாளரை எவ்விடத்தில் நிறுத்துகிறது என்பதையும் விமர்சகர் கேட்டறிதல் வேண்டும்.